கூரை யாருடையது?
வீட்டு ஆண்டெனா, டிஷ் பற்றிய விதிகள்: அகளியிலிருந்து ஒரு விளக்கம்

தமிழ்நாட்டுக்கு வெளியே குடியிருக்கும் நம் குடும்பங்கள், புது வீட்டில் பால் காய்ச்சி இறக்கிய கையோடு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஏனுங்க, இங்க டிஷ் மாட்டலாமுங்களா? பஞ்சாயத்துல எழுதிக் குடுக்கோணுங்களா?" அகளிக் கடைவீதியில் இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். பதில்தான் ஆளுக்கு ஒன்றாக வரும். 'லைசென்ஸ் இல்லாம வெச்சா கேஸு' என்பார் ஒருவர். 'நம்ம கூரை, நம்ம இஷ்டம்' என்பார் அடுத்தவர். 'வீட்டுக்காரர் கழட்டுன்னா மறுபேச்சில்லாம கழட்டோணும்' என்பார் மூன்றாமவர். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு; கொஞ்சம் பிசகும் உண்டு. அதைப் பிரித்துக் காட்டவே இக்கட்டுரை.

இதென்ன பெரிய விஷயம் என்று சிலர் நினைக்கலாம். பேரன் பள்ளியில் மலையாளமோ கன்னடமோ படிக்கிறான். வீட்டில் பாட்டிக்குத் தமிழ் தவிர வேறு தெரியாது. பகலெல்லாம் அந்த வீட்டுக்குள் வரும் தமிழ்க்குரல் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்துதான் வருகிறது. செய்தியில் கோவை மழையும், சமையல் நிகழ்ச்சியில் வட்டார வழக்கும், ஞாயிற்றுக்கிழமை பட்டிமன்றமும் காதில் விழுவதால்தான் பிள்ளைகளுக்குத் தமிழ் தங்குகிறது. அந்தக் குரல் உள்ளே வருவதற்கு வெளியே ஒரு டிஷ் வேண்டியிருக்கிறது. அதே டிஷ்ஷைத் தாங்கும் இரும்புக் குழாய் மின்கம்பியில் பட்டால் உயிரும் போகும். ஆகவே மொழிக்காகவும் உயிருக்காகவும் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள் இவை.

அகளியை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. பாலக்காடு மாவட்டத்தில் அட்டப்பாடி மலைப்பகுதியின் நடு ஊர் இது. மேற்கே முக்காலி வழியாக வளைந்து இறங்கினால் மண்ணார்க்காடு; கிழக்கே ஆனைகட்டியைத் தாண்டினால் கோவை மாவட்டம். இருளர், முடுகர், குறும்பர் இம்மண்ணின் பூர்வகுடிகள். கோவைப் பக்கத்துத் தமிழரும் மேற்கேயிருந்து வந்த மலையாளிகளும் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். தெற்கே சிறுவாணி, வெள்ளியங்கிரி மலைகள். இந்த மலைகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கதையில் இவற்றுக்கு முக்கியப் பங்கு உண்டு.

ஏரியல் காலம்

முதலில் வந்தது ரேடியோ. ஓட்டு வீட்டின் இரண்டு முனைக்கும் நடுவே பின்னிய செப்புப் பட்டையைக் கட்டி 'ஏரியல்' என்றார்கள். இலங்கை வானொலி அதில்தான் வந்தது. மத்திய அலையும் சிற்றலையும் மலையை ஓரளவு மதிக்காமல் வந்துவிடும். தொலைக்காட்சி அப்படியில்லை. அதன் அலை ஏறக்குறைய ஒளியைப் போல நேர்கோட்டில் போவது. நடுவே மலை நின்றால் அதோடு சரி.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தமிழகத்தின் தென்பகுதிக்கும் மேற்குப் பகுதிக்கும் படம் போய்ச் சேர்ந்தது பின்னர் கொடைக்கானல் மலையில் கோபுரம் எழுந்த பிறகு. அதற்கு முன்பே தென்கடற்கரை ஊர்களில் உயரமான குழாய் நட்டு, 1982 பிப்ரவரியில் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியைப் பிடித்தவர்கள் உண்டு. கடலுக்கு மேல் தடுப்பு ஏது? இடுக்கி மாவட்டத்தில் உடும்பன்சோலைப் பக்கத்து ஏலமலைத் தமிழருக்கும் கிழக்கு பார்த்த சரிவில் வீடு இருந்தால் கொடைக்கானல் கிடைக்கும். மேற்குச் சரிவில் இருந்தால் கிடைக்காது. ஒரே எஸ்டேட்டில் மேல் லயத்துக்குத் தமிழ், கீழ் லயத்துக்குப் புள்ளிப்புள்ளியாய் இரைச்சல் என்ற நிலைமை இதனால்தான்.

அகளிக்கு வருவோம். இங்கிருந்து கொடைக்கானல் தென்கிழக்கே சுமார் 130 கிலோமீட்டர். அந்தத் திசையில் சரியாகச் சிறுவாணி, வெள்ளியங்கிரி மலைகள் குறுக்கே நிற்கின்றன. வெள்ளியங்கிரி உச்சி 1,700 மீட்டருக்கும் மேல். நாம் இருப்பதோ பள்ளத்தாக்கில். எனவே மக்கள் குழாய்மேல் குழாய் சொருகினார்கள். இருபதடி, முப்பதடி ஜி.ஐ. பைப், அதன் உச்சியில் மீன்முள் ஆண்டெனா, அடியில் பூஸ்டர், நாலு பக்கமும் இழுவைக் கம்பி. தாழ்ந்த அலைவரிசைகளுக்கான ஆண்டெனாவில் ஒவ்வொரு குறுக்குக் கம்பியும் இரண்டு மீட்டருக்கு மேல் நீளமிருக்கும். காற்றடித்தால் ஒரு ஆள் மேலே ஏறித் திருப்ப, இன்னொருவர் வாசலில் நின்று "இப்ப வருது, இப்பப் போச்சு" என்று கத்த வேண்டும். இத்தனைக்கும் மலைக்குப் பின்னால் இருப்பவனுக்கு முப்பதடியும் ஒன்றுதான், மூன்றடியும் ஒன்றுதான்.

டிஷ் வந்தபோது இந்தக் கணக்கே மாறிப்போனது. செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுற்றுவதால், நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும். டி.டி. ஃப்ரீ டிஷ்ஷுக்குப் பயன்படும் செயற்கைக்கோள் 93.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கிறது. அகளியின் அட்சரேகை 11 பாகையைக் கொஞ்சம் தாண்டும், தீர்க்கரேகை 76.6 பாகை அளவில். இதை வைத்துக் கணக்கிட்டால் அந்தச் செயற்கைக்கோள் நமக்குத் தென்கிழக்கிலிருந்து சற்றே கிழக்குப் பக்கம் தள்ளி, அடிவானத்திலிருந்து சுமார் 66 பாகை உயரத்தில் இருக்கிறது. அண்ணாந்து பார்க்கும் உயரம். சிறுவாணி மலை நம் வானத்தில் மறைப்பது பத்துப் பதினைந்து பாகைதான். கொடைக்கானலை மறைத்த அதே மலைக்கு மேலாகவே, அதே தென்கிழக்கிலிருந்து தமிழ் இறங்கி வருகிறது!

ஒரு சின்னக் குறிப்பு. கிண்ணம் 66 பாகைக்கு நிமிர்ந்து நிற்பதில்லையே என்று கேட்பார்கள். இப்போதைய 60 செ.மீ. டிஷ், பெரிய கிண்ணத்தின் ஓரத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டு போன்றது. அது பார்ப்பது ஒரு கோணம், நமக்குத் தெரிவது அதைவிட இருபது பாகைக்கு மேல் குறைந்த கோணம். டிஷ்ஷுக்கு முன்னால் உள்ள தென்னையைத்தான் வெட்ட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். அது மரத்துக்கு மேலே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இதிலிருந்து விதிக்கு வரும்போது முக்கியமான பாடம் ஒன்று கிடைக்கிறது: டிஷ்ஷுக்கு உயரம் தேவையில்லை. தென்கிழக்கு வானம் திறந்திருந்தால் தரையிலேயே, முற்றத்தில் ஒரு சிமெண்ட் கட்டையின் மேலேயே வைக்கலாம். கூரை பற்றிய சண்டைகளில் பாதி இது தெரியாததால் வருவது.

லைசென்ஸ் என்ற பூதம்

பெரியவர்கள் 'லைசென்ஸ்' என்று பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 1933-ஆம் ஆண்டு இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி ரேடியோப் பெட்டி வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும். தபால் ஆபீசில் ஆண்டுதோறும் பணம் கட்டி, புத்தகத்தில் முத்திரை வாங்கினோம். தொலைக்காட்சிக்கும் அப்படியே. 1980களின் நடுவில் அந்தக் கட்டணம் எடுக்கப்பட்டது. புத்தகம் போனாலும் பயம் போகவில்லை.

இன்னொரு விசித்திரமும் நடந்தது. 1991-இல் ஸ்டார், 1993-இல் சன், ஏசியாநெட் என்று செயற்கைக்கோள் அலைவரிசைகள் வந்தபோது, அவற்றைப் பிடிக்க எட்டடி, பன்னிரண்டடி வலைக் கிண்ணம் தேவைப்பட்டது. அதை வைக்க யாரும் தடை சொல்லவில்லை. கேபிள்காரர்கள் ஊருக்கு ஒன்று வைத்துக் கம்பி இழுத்தார்கள்; 1995-இல் அவர்களுக்கென்று கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் வந்தது. ஆனால் சின்ன டிஷ்ஷில் வரும் கேயு பேண்ட் ஒளிபரப்பு வரப்போகிறது என்றதும், 1997 ஜூலை 16 அன்று மத்திய அரசு ஒரு அறிவிக்கை வெளியிட்டு, 4,800 மெகா ஹெர்ட்சுக்கு மேற்பட்ட அலைகளில் தொலைக்காட்சி பிடிக்கும் கருவிகளை உரிமமின்றி வைத்திருக்கக் கூடாது என்று தடுத்தது. அதாவது பன்னிரண்டடிக் கிண்ணம் சட்டப்படி சரி, இரண்டடிக் கிண்ணம் குற்றம்! அந்தத் தடை 2001 ஜனவரி 9 அன்று நீக்கப்பட்டது. பிறகு 2003-இல் டிஷ் டிவி, 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் கட்டணமில்லா டி.டி. டைரக்ட் பிளஸ் (இன்றைய ஃப்ரீ டிஷ்), அடுத்தடுத்து மற்ற நிறுவனங்கள்.

இன்றைய நிலை இதுதான். உரிமம் எடுக்க வேண்டியவர் ஒளிபரப்பும் நிறுவனம். பார்க்கிற வீட்டுக்கு உரிமம் கிடையாது. 1885-இன் தந்திச் சட்டத்துக்கும் 1933-இன் சட்டத்துக்கும் பதிலாகத் தொலைத்தொடர்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டு, 2024 ஜூன் முதல் பகுதி பகுதியாக நடைமுறைக்கு வருகிறது. அலையை வாங்குவதற்கும் அனுப்புவதற்கும் உள்ள வேற்றுமையை மட்டும் மறக்க வேண்டாம். ஹாம் ரேடியோக்காரருக்குத் தேர்வும் உரிமமும் உண்டு. இருவழிச் செயற்கைக்கோள் இணையத்துக்கான டிஷ் அலையை அனுப்பவும் செய்வதால், உரிமம் பெற்ற நிறுவனத்தின் வழியாகத்தான் அதை வைக்க முடியும். வெளிநாட்டிலிருந்து சூட்கேஸில் கொண்டுவந்த பெட்டியும், இங்கிருந்து அங்கே கொண்டுபோகும் பெட்டியும் அந்த நிறுவனத்தின் ஒப்பந்தத்தை மீறுபவை என்பதோடு, பெரும்பாலும் படமும் வராது.

உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரி 9 அன்று வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில், வானலைகள் பொதுச்சொத்து என்றும், செய்தியைப் பெறுவது கருத்துச் சுதந்திரத்தின் பகுதி என்றும் சொன்னது. அலை நம் எல்லாருக்கும் பொது. ஆனால் சுவர் யாருடையது?

பஞ்சாயத்தும் கரண்ட் ஆபீசும்

பஞ்சாயத்து விஷயம் சுருக்கமானது. கேரளத்தில் ஊராட்சிகளுக்கென்று 2011-இல் பஞ்சாயத்துக் கட்டட விதிகள் வந்தன. 2019-இல் அவை புதுப்பிக்கப்பட்டன. அவற்றில் தொலைத்தொடர்புக் கோபுரங்களுக்குத் தனியே அனுமதி முறை உண்டு. அது மொபைல் கம்பெனிகளின் கோபுரத்துக்கானது. சொந்த வீட்டின் மேல் நாலு போல்ட்டில் நிற்கும் 60 செ.மீ. கிண்ணத்துக்கு யாரும் வரைபடம் போட்டு மனுக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் டிஷ் வைக்கிறேன் என்று மொட்டை மாடியில் தூண் எழுப்பி ஷெட் போட்டால், அது கட்டட வேலை. அதற்கு அனுமதி வேண்டும். டிஷ்ஷோ அதைத் தாங்கும் கையோ பக்கத்து வீட்டு எல்லைக்கு மேலோ, பொதுவழிக்கு மேலோ நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்குச் சட்டப் புத்தகம் தேவையில்லை. இருந்தும் தகராறு அதில்தான் வருகிறது.

மின்சாரம் அப்படிச் சுருக்கமாகக் கடந்துபோகிற விஷயமல்ல. கேரளத்தில் இரும்புத் தோட்டியால் மாங்காய், பலாக்காய் பறிக்கப்போய் மின்கம்பியில் பட்டு இறந்தவர்களின் செய்தி அடிக்கடி வருகிறது. ஆண்டெனாக் குழாயும் அதே இரும்புதான். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறை விதிகள் (2010-இல் வந்து, 2023-இல் புதுப்பிக்கப்பட்டவை) கட்டடத்துக்கும் மின்கம்பிக்கும் இடைவெளி எவ்வளவு என்று அளந்து சொல்கின்றன. வீட்டுக்கு வரும் தாழ்வழுத்தக் கம்பி கட்டடத்தின் மேலே போனால் குறைந்தது 2.5 மீட்டர், பக்கவாட்டில் போனால் 1.2 மீட்டர். 11,000 வோல்ட் கம்பிக்கு மேலே 3.7 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர். கம்பி காற்றில் ஆடி அதிகபட்சம் நெருங்கி வரும் நிலையில் இந்த இடைவெளி இருக்க வேண்டும். மின்கம்பிக்கு அருகே புதிதாக எதையாவது எழுப்புவதற்கு முன் மின்வாரியத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும், 1956-ஆம் ஆண்டு மின்சார விதிகளிலிருந்தே தொடர்ந்து வருவது.

இந்த எண்கள் டிஷ் நின்ற பிறகு இருக்க வேண்டிய இடைவெளி. நான் சொல்வது மாட்டும் நேரம் பற்றி. இருபதடிக் குழாயை நிமிர்த்தும்போது அது கையை மீறிச் சாயும். சாய்ந்தால் எதுவரை விழும்? குழாயின் நீளத்துக்கு ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் மின்கம்பி இருந்தால், அந்த இடத்தில் குழாயை நிமிர்த்தவே கூடாது. செக்ஷன் ஆபீசில் சொல்லி லைனை நிறுத்தச் சொல்லலாம். "அஞ்சு நிமிச வேலைங்க, அதுக்குப் போயி..." என்பார் மாட்ட வந்த தம்பி. அவருக்கு அன்றைக்கு இன்னும் ஆறு வீடு இருக்கும். நீங்கள்தான் பிடிவாதமாக நிற்க வேண்டும்.

மின்னல் இன்னொன்று. கேரளத்தில் கோடை மழைக் காலத்திலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் பிற்பகல் இரண்டு மணியிலிருந்து இரவு பத்து வரை இடி மின்னலுக்கு வாய்ப்பு அதிகம் என்று மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஒவ்வோர் ஆண்டும் எச்சரிக்கிறது. பள்ளத்தாக்கில் மேட்டுமேல் நிற்கும் ஒற்றை வீட்டுக்கு இது மேலும் பொருந்தும். இரும்புக் குழாயைத் தடித்த ஜி.ஐ. கம்பியால் எர்த் குழிக்கு இறக்குங்கள். மேகம் கறுக்கும்போதே பிளக்கையும், பெட்டியின் பின்னால் உள்ள டிஷ் ஒயரையும் கழற்றிவிடுங்கள். இடி விழ ஆரம்பித்த பிறகு அந்த ஒயரைத் தொடாதீர்கள். சீரியல் நாளைக்கும் வரும்.

காற்றையும் சொல்லிவிடுகிறேன். ஆனியிலும் ஆடியிலும் இங்கே அடிக்கும் காற்றுக்காகவே நல்லசிங்கம் பக்கம் காற்றாலை நட்டிருக்கிறார்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று 60 செ.மீ. கிண்ணத்தை நேரே தாக்கினால், அதன் தள்ளுவிசை என் கணக்கில் சுமார் 16 கிலோ. செங்கல் சுவரில் நாலு ஆங்கர் போல்ட் அதைத் தாங்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் தாங்காது. ஷீட்டில் ஓட்டை போடவும் கூடாது. பன்னிரண்டடிக் கிண்ணம் வலையாக இல்லாமல் முழுத் தகடாக இருந்தால் அதே காற்றில் விசை அறுநூறு கிலோவைத் தொடும். பழைய கேபிள் கிண்ணங்களுக்குக் கான்கிரீட் மேடை கட்டியதன் காரணம் அதுவே.

வாடகை வீடு

நம்மவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையான சிக்கல் இங்கேதான். அமெரிக்காவில் உள்ளது போல டிஷ்ஷுக்கென்று வாடகைதாரரைக் காக்கும் தனி விதி நம் நாட்டில் இல்லை. பொதுச் சட்டத்தை வைத்துத்தான் பேச வேண்டும். பேசுவதற்கு அதில் இடமும் இருக்கிறது.

1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, வீட்டுக்காரர் வாடகைதாரர் இருவரின் உரிமை கடமைகளையும் சொல்கிறது. வேறு ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ இல்லாதபோது பொருந்துவது அது. அதன்படி, உரிமையாளரின் சம்மதமில்லாமல் வாடகைதாரர் நிலையான கட்டுமானம் எதையும் எழுப்பக் கூடாது. அதே பிரிவின் இன்னொரு உட்பிரிவு, தான் பொருத்திய பொருள்களை வீடு தன் கைவசம் இருக்கும்போதே கழற்றி எடுத்துப்போக வாடகைதாரருக்கு உரிமை தருகிறது. வீட்டை வாங்கிய நிலையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவே. கழற்றக்கூடிய டிஷ் நிலையான கட்டுமானம் என்று சொல்வது கடினம். கேரள வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலும் (1965), கட்டடத்தின் மதிப்பையோ பயனையோ பெரிய அளவிலும் நிரந்தரமாகவும் கெடுத்தால்தான் அந்தக் காரணத்துக்காக வெளியேற்ற முடியும். அச்சட்டம் எல்லாப் பஞ்சாயத்துக்கும் பொருந்துவதில்லை என்பதை மட்டும் கவனிக்கவும். ஆக, நாலு போல்ட்டுக்காக ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்த முடியாது. ஆனால் ஒப்பந்தப் பத்திரத்திலேயே 'வெளிச்சுவரில் எதுவும் பொருத்தக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால், நம் பேச்சு பலவீனமாகிவிடும். நம்மாட்கள் அந்தப் பத்திரத்தைப் படிப்பதே இல்லை. அதிலும் மலையாளத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எங்கள் ஊரில் ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஓட்டு வீடு, வாடகை. டிஷ்ஷைக் கூரைமேல் வைத்ததில் இரண்டு ஓடு உடைந்து ஒழுகியது. வீட்டுக்காரச் சேட்டன் வந்து கழற்றச் சொன்னார். இவர்கள், "தமிழ் பார்க்கக் கூடாதுன்னு சொல்றாரு" என்று எடுத்துக்கொண்டார்கள். பேச்சு முற்றி, மொழிச் சண்டையாகவே ஆகிவிட்டது. கடைசியில் பெரியவர் ஒருவர் நடுவில் உட்கார்ந்து, டிஷ்ஷை இறக்கி முற்றத்தில் துணி துவைக்கும் கல்லின் பக்கம் தரையில் நிறுத்தினார்கள். படம் முன்பைவிடத் தெளிவாக வந்தது. ஓடு மாற்றிய செலவை இவர்கள் கொடுத்தார்கள். சேட்டனுக்குத் தமிழ்மேல் எந்தக் கோபமும் இருந்ததில்லை. அவருக்கு ஓட்டைப் பற்றித்தான் கவலை.

எனவே வாயால் கேட்பதோடு நிற்காமல் எழுதி வாங்குங்கள். 'இன்ன சுவரில், இத்தனை போல்ட்டில், 60 செ.மீ. டிஷ் ஒன்று என் செலவில் பொருத்துகிறேன். காலி செய்யும்போது கழற்றி ஓட்டையை அடைத்து வெள்ளையடித்துத் தருகிறேன். அதனால் சேதம் வந்தால் பொறுப்பேற்கிறேன்' என்று நாலு வரி, இரண்டு கையெழுத்து. போல்ட் போடும் முன் சுவரைப் போட்டோ எடுத்து வைத்தால் பின்னால் பேச்சுக்கு இடமிருக்காது. மூணாறு, பீர்மேடு பக்கத்து லயங்கள் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் (1951) கீழ் நிர்வாகம் கொடுத்த வீடுகள். அங்கே வீட்டுக்காரர் என்றால் கம்பெனிதான். எஸ்டேட் ஆபீசில் ஒரு கடிதம் கொடுத்து வைப்பது நல்லது.

பெங்களூர், மும்பை, கொச்சி அடுக்குமாடிகளில் சிக்கல் வேறு. கர்நாடகம் (1972), மகாராஷ்டிரம் (1970), கேரளம் (1983) ஆகிய மூன்று மாநில அடுக்குமாடி உரிமைச் சட்டங்களிலும் கூரையும் முதன்மைச் சுவர்களும் பொதுப்பகுதிகள். சொந்த வீடே ஆனாலும் மொட்டை மாடி உங்களுடையது மட்டுமல்ல. சங்கம் மாடியில் ஓரிடம் ஒதுக்கிக் கொடுத்தால் அங்கேதான் வைக்க வேண்டும். சங்கத்திடம் கேட்க வேண்டியதும் அதைத்தான்: 'வேண்டாம் என்றால், எங்கே வைக்கலாம் என்று சொல்லுங்கள்' என்று எழுத்தில் கேளுங்கள். பல குடும்பத்துக்கு ஒரே டிஷ்ஷிலிருந்து பிரித்துக் கொடுக்கும் வசதியும் உண்டு. அதைச் சங்கமே செய்தால் கட்டடத்தின் முகமும் கெடாது.

வெளிநாடுகளில்

நம்மைப் போலவே வேற்றிடத்தில் வாழ்பவர்கள் மற்ற நாடுகளில் இதே டிஷ்ஷுக்காக நீதிமன்றம் ஏறியிருக்கிறார்கள். ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் 1994 பிப்ரவரி 9 அன்று, துருக்கிய வாடகைதாரர் ஒருவர் வழக்கில், தாய்நாட்டு நிகழ்ச்சிகள் மூலம் மொழி, பண்பாட்டுத் தொடர்பைக் காத்துக்கொள்ளும் தேவையை வீட்டுக்காரரின் உரிமையோடு சேர்த்து எடைபோட வேண்டும் என்றது. (நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சரியாக ஓராண்டு கழித்து அதே தேதியில் வந்தது.) கேபிளிலேயே போதிய தாய்மொழி அலைவரிசை கிடைத்தால் வீட்டுக்காரர் மறுக்கலாம் என்றும் பின்வந்த தீர்ப்புகள் சொல்லின.

அதைவிட அழுத்தமானது ஸ்வீடன் வழக்கு. ஸ்டாக்ஹோம் அருகே ரிங்கெபி என்ற புறநகரில், ஈராக்கிலிருந்து வந்த தம்பதி மூன்று பிள்ளைகளோடு வாடகைக்கு இருந்தனர். அரபு, பாரசீக மொழி நிகழ்ச்சிகளுக்காக டிஷ் வைத்தனர். ஒப்பந்தத்தில் வெளியே ஆண்டெனா கூடாது என்று இருந்தது. வெளிச்சுவரில் இருந்ததைக் கழற்றிவிட்டு, சமையலறை ஜன்னல் வழியாக நீட்டும் இரும்புக் கையில் மாட்டினர். அதையும் ஏற்காமல் நீதிமன்றம் வரை போய், குடும்பம் வீட்டைக் காலி செய்து வேறு ஊருக்குப் போக நேர்ந்தது. 2008 டிசம்பர் 16 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அவர்களுடைய தகவல் பெறும் உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. புலம்பெயர்ந்த குடும்பம் தன் மொழியோடும் பண்பாட்டோடும் தொடர்பு வைத்துக்கொள்ள விரும்புவதை நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. அந்த இரும்புக் கையால் உண்மையான ஆபத்து எதுவும் இல்லை என்பதையும் பார்த்தது. இந்த இரண்டாவது விஷயத்தை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். பாதுகாப்பாக மாட்டியிருந்ததால்தான் அவர்கள் பக்கம் வலுவாக நின்றது. இத்தீர்ப்பு இந்தியாவைக் கட்டுப்படுத்தாது. ஐரோப்பாவில் வாழும் நம் உறவினருக்குப் பயன்படும்.

அமெரிக்காவில் 1996 அக்டோபர் முதல், ஒரு மீட்டருக்கு உட்பட்ட டிஷ்ஷைக் குடியிருப்புச் சங்கங்கள் காரணமின்றித் தடுக்க முடியாது. 1999 ஜனவரி முதல் வாடகைதாரருக்கும் தன் தனிப் பயன்பாட்டில் உள்ள பால்கனியில் இந்த உரிமை உண்டு. பொதுக் கூரைக்கு இல்லை. இங்கிலாந்தில் சாதாரண வீட்டுக்கு இரண்டு ஆண்டெனா வரை தனி அனுமதி வேண்டாம், அளவுக் கட்டுப்பாடு மட்டும் உண்டு. பாரம்பரியப் பகுதிகளில் தெருவைப் பார்த்த சுவரில் வைக்க அனுமதி கேட்க வேண்டும். சிங்கப்பூரில் உரிமமில்லாமல் வீட்டில் செயற்கைக்கோள் டிஷ் வைக்க முடியாது. அங்கே தமிழ் கேபிளிலும் இணையத்திலும் வருகிறது.

இங்கும் இணையம் வந்துவிட்டது, இனி டிஷ் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயம்தான். மலை ஊர்களில் மரம் விழுந்து ஃபைபர் அறுந்த நாளில் அதே இளைஞர்கள் பாட்டியின் பெட்டிக்கு முன்னால் உட்காருவதையும் பார்க்கிறேன்.

கடைசியாக ஒரு வேலை. நம் கூரைகளில் இன்னும் பழைய மீன்முள் ஆண்டெனாக்கள் துருப்பிடித்து நிற்கின்றன. தூர்தர்ஷன் தன் பழைய தரைவழி ஒளிபரப்பிகளை, எல்லைப்புறம் போன்ற சில இடங்கள் தவிர, 2022 மார்ச்சுக்குள் நிறுத்திவிட்டது. அந்தக் குழாய்கள் இப்போது மின்னலையும் காற்றையும் மட்டும்தான் பிடிக்கின்றன. இறக்கிவிடுங்கள். இழுவைக் கம்பியை முதலில் அவிழ்க்காதீர்கள். துரு ஏறிய அடிப்பகுதி தாங்காது. மேல் குழாயை முதலில் சொருகலிலிருந்து உருவி, கயிற்றில் கட்டி, மின்கம்பி இல்லாத பக்கமாக, மழையில்லாத காலை நேரத்தில், குறைந்தது மூன்று பேர் சேர்ந்து இறக்க வேண்டும். கம்பி அருகே இருந்தால், கரண்ட் ஆபீசில் சொல்லி லைனை நிறுத்திய பிறகு.